ஊடாடும் துகள் அமைப்புகளில் ‘கடைசியில் என்ன ஆகும்?’ என்று கேட்பது எப்படி: புதிதாக நுழைவோருக்கு ஒரு வழிகாட்டி

ஒழுங்காக அடுக்கப்பட்ட புள்ளிகளைக் கொண்ட ஒரு வலையை எடுத்துக்கொள்வோம். அது ஒரு நேர்கோடாக இருக்கலாம், கட்டம் போட்ட கணக்கு நோட்டைப் போன்ற சதுர வலையாக இருக்கலாம், முப்பரிமாண அடுக்காகவும் இருக்கலாம். ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு நிலை உண்டு: அங்கே துகள் இருக்கும் அல்லது இருக்காது, நோய் இருக்கும் அல்லது இருக்காது, கறுப்பாக இருக்கும் அல்லது வெள்ளையாக இருக்கும். ஒவ்வோர் இடமும் தன் அண்டை இடங்களின் நிலையை மட்டும் பார்த்து, நிகழ்தகவின்படி தன் நிலையை மாற்றிக்கொண்டே இருக்கும். இத்தகைய அமைப்புகளை ஊடாடும் துகள் அமைப்புகள் என்கிறோம். 1970-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அமெரிக்காவில் ஃபிராங்க் ஸ்பிட்சரும் சோவியத் ஒன்றியத்தில் ரோலண்ட் டோப்ருஷினும் தனித்தனியே தொடங்கிவைத்த துறை இது.

விதிகள் ஒரு வரியில் அடங்கிவிடும். ஆனால், இப்படியே விட்டுவிட்டால் கடைசியில் என்ன ஆகும் என்ற கேள்விக்கு விடை காண்பது கடினம். புதிதாக வருவோர் பெரும்பாலும் சறுக்குவது இந்தக் ‘கடைசியில்’ என்ற சொல்லில்தான். அதற்குள் இரண்டு முடிவிலிகள் ஒளிந்திருக்கின்றன: ஒன்று காலம், மற்றொன்று வலையின் அளவு. எதை முதலில் முடிவிலிக்கு அனுப்புகிறோம் என்பதைப் பொறுத்து விடையே தலைகீழாக மாறலாம். ஆகவே கீழே உள்ள ஒவ்வொரு படியிலும், நாம் இப்போது எந்த முடிவிலியைப் பற்றிப் பேசுகிறோம் என்று கேட்டுக்கொண்டே வாருங்கள்.

இதற்குக் கல்லூரி அளவிலான நிகழ்தகவும், பைத்தானிலோ வேறு ஏதேனும் மொழியிலோ ஒரு சிறு நிரல் எழுதும் பழக்கமும் போதும். அளவைக் கோட்பாடு (measure theory) பின்னால் தேவைப்படும், தொடங்குவதற்கு வேண்டாம்.

முதல் படி: கடிகாரத்தைச் சரியாக வையுங்கள்

முதல் மாதிரியாக வாக்காளர் மாதிரியை எடுத்துக்கொள்ளுங்கள். 1973-இல் கிளிஃபோர்டும் சட்பரியும், 1975-இல் ஹாலியும் லிகெட்டும் ஆராய்ந்த மாதிரி இது. ஒவ்வோர் இடத்திலும் ஒரு கடிகாரம் இருக்கிறது. அது சராசரியாக ஓர் அலகு நேரத்துக்கு ஒரு முறை, முன்னறிவிப்பின்றி அடிக்கும். முன்பு எப்போது அடித்தது என்பது அடுத்த அடிப்பைச் சற்றும் பாதிக்காது. கடிகாரம் அடித்ததும் அந்த இடம் தன் அண்டை இடங்களில் ஒன்றைச் சமவாய்ப்பில் தேர்ந்தெடுத்து, அதன் கருத்தை அப்படியே தனதாக்கிக்கொள்ளும். விதி இவ்வளவுதான்.

இதை நிரலாக எழுதும்போது, எல்லா இடங்களையும் ஒரே நேரத்தில் புதுப்பித்துவிடலாம் என்ற எண்ணம் இயல்பாகவே வரும். நானும் தொடக்கத்தில் அப்படித்தான் எழுதினேன். அதன் விளைவை ஒரு தாளில் பார்த்துவிடலாம். ஆறு இடங்கள் கொண்ட வளையத்தில் கறுப்பு, வெள்ளை, கறுப்பு, வெள்ளை என்று மாற்றி மாற்றி வையுங்கள். ஒவ்வொரு கறுப்புக்கும் இரண்டு பக்கமும் வெள்ளை. ஒவ்வொரு வெள்ளைக்கும் இரண்டு பக்கமும் கறுப்பு. எந்த அண்டையைத் தேர்ந்தெடுத்தாலும் எல்லா இடங்களும் ஒருசேர நிறம் மாறும். அடுத்த சுற்றில் மீண்டும் பழைய நிறத்துக்கே திரும்பும். இப்படி முடிவின்றி மாறிக்கொண்டே இருக்குமே தவிர, ஒருமித்த கருத்து ஒருநாளும் வராது. உண்மையான வாக்காளர் மாதிரியிலோ அதே வளையம் உறுதியாக ஒருமித்த கருத்தை அடையும். இடமிருந்து வலமாக வரிசையாகப் புதுப்பிப்பதிலும் பிழை உண்டு: ஓர் இடம் சற்றுமுன் பெற்ற கருத்தை அடுத்த இடம் உடனே நகலெடுப்பதால், ஒரே சுற்றில் ஒரு கருத்து வெகுதூரம் ஓடிவிடும்.

சரியான முறை எளிமையானது. ஒவ்வொரு முறையும் ஓர் இடத்தைச் சமவாய்ப்பில் தேர்ந்தெடுத்து அதை மட்டும் புதுப்பியுங்கள். மொத்தம் ந இடங்கள் இருந்தால், ந புதுப்பிப்புகளை ஓர் அலகு நேரமாகக் கணக்கிடுங்கள். காலத்தை மிகத் துல்லியமாக வேண்டுவோர் இடைவெளிகளை அடுக்குக்குறிப் பரவலிலிருந்து (exponential distribution) எடுக்கலாம்.

இரண்டாம் படி: விடை தெரிந்த கணக்கில் நிரலைச் சோதியுங்கள்

விடை தெரியாத கேள்விக்கு நிரலை ஓட்டும் முன், விடை தெரிந்த கேள்விக்கு ஓட்டிப் பார்ப்பது கட்டாயம். ந இடங்கள் கொண்ட வளையத்தில், அடுத்தடுத்த க இடங்களைக் கறுப்பாகவும் மற்றவற்றை வெள்ளையாகவும் வையுங்கள். கறுப்புக்கும் வெள்ளைக்கும் இடையே இரண்டே எல்லைகள்தாம் இருக்கும். எல்லையில் இல்லாத இடம் எதை நகலெடுத்தாலும் மாற்றம் இல்லை. எல்லையிலோ, கறுப்பு ஓரிடம் முன்னேறுவதற்கும் பின்வாங்குவதற்கும் வாய்ப்பு சமம். எனவே கறுப்பின் எண்ணிக்கை ஒவ்வொன்றாகக் கூடியும் குறைந்தும் நடக்கும் ஒரு சமச்சீர் சீரற்ற நடையாகிவிடுகிறது. பூச்சியத்தையோ ந-வையோ தொட்டதும் ஆட்டம் முடிகிறது.

இதிலிருந்து இரண்டு விடைகள் கிடைக்கின்றன. கடைசியில் எல்லாம் கறுப்பாக முடிவதற்கான நிகழ்தகவு க ÷ ந. ஒருமித்த கருத்து வர ஆகும் சராசரிக் காலம் க × (ந − க) ÷ 2. வளையத்தில் 100 இடங்களும் அவற்றில் 50 கறுப்பும் என்றால் காலம் 1,250 அலகு, அதாவது சுமார் 1 லட்சத்து 25 ஆயிரம் புதுப்பிப்புகள். 1,000 இடங்களும் 500 கறுப்பும் என்றால் காலம் 1 லட்சத்து 25 ஆயிரம் அலகு; புதுப்பிப்புகளோ 12 கோடியே 50 லட்சம். அளவு பத்து மடங்கானால் காலம் நூறு மடங்காகிறது. சில நூறு முறை ஓட்டிச் சராசரி எடுத்துப் பாருங்கள். இந்த எண்களுக்கு அருகில் வரவில்லையென்றால் பிழை நிரலில்தான் இருக்கிறது.

இங்கேயே முதல் முடிவிலி தலைகாட்டுகிறது. முடிவுள்ள வளையம் எவ்வளவு பெரியதானாலும் ஒருநாள் ஒருமித்த கருத்தில் போய் நிற்கும். ஆனால் அந்தக் காலம் அளவின் இருபடியாக வளர்வதால், வலை முடிவில்லாதது என்றால் இந்த வாதம் எதையும் சொல்வதில்லை. அங்கே வேறு வழியில் போக வேண்டும்.

மூன்றாம் படி: காலத்தைப் பின்னோக்கி நடந்து பாருங்கள்

இந்தத் துறையில் ஒரே ஒரு கருத்தைத்தான் கற்றுக்கொள்ள நேரம் இருக்கிறது என்றால், இருமை எனப்படும் இந்தக் கருத்தைக் கற்றுக்கொள்ளுங்கள் என்பேன். படித்துவிட்டுக் கடந்து போகாமல், தாளில் கையால் வரைந்து பார்க்க வேண்டிய ஒன்று இது.

கிடையாக ஐந்து இடங்களை 1 முதல் 5 வரை குறித்துக்கொள்ளுங்கள். காலம் கீழிருந்து மேலே போகட்டும். வரிசையாக ஐந்து நிகழ்வுகள் நடந்தன என்று வையுங்கள். முதலில் 2-ஆம் இடம் 3-ஐ நகலெடுத்தது. அடுத்து 4-ஆம் இடம் 3-ஐ, பிறகு 5-ஆம் இடம் 4-ஐ, அதன்பின் 2-ஆம் இடம் 1-ஐ, கடைசியாக 3-ஆம் இடம் 4-ஐ நகலெடுத்தன. ஒவ்வொரு நிகழ்வுக்கும் அந்தந்த உயரத்தில் ஓர் அம்பு போடுங்கள்.

இப்போது மேலிருந்து கீழே வாருங்கள். 5-ஆம் இடத்தில் இப்போது இருக்கும் கருத்து எங்கிருந்து வந்தது? மூன்றாம் நிகழ்வில் 4-இலிருந்து வந்தது. 4-க்கோ அது இரண்டாம் நிகழ்வில் 3-இலிருந்து வந்தது. ஆக மூலம் 3. அடுத்து 3-ஆம் இடத்தைப் பாருங்கள். கடைசி நிகழ்வில் அது 4-ஐ நகலெடுத்ததால் நம் பாதை 4-க்குப் போகிறது. அங்கிருந்து கீழே வரும்போது, மூன்றாம் நிகழ்வின் உயரத்தில் 5-இலிருந்து வந்த பாதையோடு கலந்துவிடுகிறது. அதன்பின் இரண்டு பாதைகளும் பிரிவதில்லை. 4-இன் மூலமும் 3-தான். 1, 2 ஆகிய இரண்டுக்கும் மூலம் 1. ஐந்து கருத்துகளில் இரண்டு மட்டுமே மிஞ்சியிருக்கின்றன. 2, 4, 5 ஆகிய இடங்களில் தொடக்கத்தில் இருந்தவை சுவடின்றி அழிந்துவிட்டன.

பின்னோக்கிப் போகும் ஒவ்வொரு பாதையும் ஒரு சீரற்ற நடை. இரண்டு பாதைகள் சந்தித்தால் ஒன்றாகிவிடும். எனவே ‘இந்த இரண்டு இடங்களும் இன்று ஒரே கருத்தில் இருக்குமா?’ என்ற கடினமான கேள்வி, ‘இரண்டு சீரற்ற நடைகள் இதற்குள் சந்தித்திருக்குமா?’ என்ற பழகிய கேள்வியாக மாறிவிடுகிறது. கோடிக்கணக்கான துகள்களின் கூட்டு நடத்தையை இரண்டு நடைகளின் சந்திப்பாகச் சுருக்கிவிடும் இந்தத் திருப்பத்தை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

இரண்டு நடைகளுக்கு இடையிலான இடைவெளியும் ஒரு சீரற்ற நடைதான்; அது பூச்சியத்தைத் தொட்டால் இரண்டும் சந்தித்துவிட்டன என்று பொருள். ஆகவே சந்திக்குமா என்பது, ஒரு நடை குறித்த இடத்துக்கு வந்து சேருமா என்ற கேள்வியே. அதற்கு 1921-இலேயே ஜார்ஜ் போல்யா விடை தந்துவிட்டார். ஒரு பரிமாணத்திலும் இரண்டு பரிமாணங்களிலும் சீரற்ற நடை உறுதியாகத் தொடங்கிய இடத்துக்குத் திரும்பும். மூன்று பரிமாணங்களில் திரும்பும் நிகழ்தகவு சுமார் 0.34 மட்டுமே. ஆகவே முடிவில்லாத கோட்டிலும் முடிவில்லாத சதுர வலையிலும் எந்த இரண்டு இடங்களை எடுத்தாலும், காலம் செல்லச் செல்ல அவை ஒரே கருத்தில் இருக்கும் நிகழ்தகவு ஒன்றை நெருங்கும். மூன்று பரிமாணங்களிலும் அதற்கு மேலும் கருத்து வேற்றுமை என்றைக்கும் நிலைத்திருக்கும்.

நான்காம் படி: எண்களோடு ஒப்பிடுங்கள், அவசரப்படாதீர்கள்

ஒவ்வோர் இடத்தையும் நாணயம் சுண்டிப் பாதிக்குப் பாதி கறுப்பாகவோ வெள்ளையாகவோ வைத்துத் தொடங்குங்கள். அடுத்தடுத்த இரண்டு இடங்கள் மாறுபட்ட கருத்தில் இருக்கும் விகிதத்தை அளந்துகொண்டே வாருங்கள்.

கோட்டில் அந்த விகிதம், நீண்ட காலத்தில் 1 ÷ (2 × √(பை × காலம்)) என்பதை நெருங்குகிறது. காலம் 100-இல் அது சுமார் 0.028, அதாவது ஒரே நிறக் கொத்தின் சராசரி நீளம் ஏறத்தாழ 35 இடங்கள். காலம் 10,000-இல் சராசரி நீளம் 354. வளையத்தின் அளவு இந்த நீளத்தைவிடப் பல மடங்கு பெரிதாக இருக்கும்வரை, உங்கள் வளையம் முடிவில்லாத கோட்டைப் போலவே நடந்துகொள்ளும். கொத்துகள் வளையத்தின் அளவை எட்டத் தொடங்கியபின் நீங்கள் அளப்பது வளையத்தின் பண்பையே தவிரக் கோட்டின் பண்பை அன்று.

மூன்று பரிமாணங்களில் அந்த விகிதம் தொடக்கத்தில் 0.5, விரைவிலேயே 0.33-க்கு அருகில் வந்து நின்றுவிடும். அந்த எண்ணைக் கணக்கிட்டே பெறலாம்: அண்டை இடங்களிலிருந்து புறப்படும் இரண்டு நடைகள் ஒருபோதும் சந்திக்காத நிகழ்தகவு சுமார் 0.66, அதில் பாதி 0.33.

இரண்டு பரிமாணங்களில்தான் மிகுந்த கவனம் தேவை. அங்கே விகிதம் பூச்சியத்தை நோக்கிப் போகிறது, ஆனால் காலத்தின் மடக்கைக்கு எதிர்விகிதத்தில்தான் குறைகிறது. காலம் ஆயிரத்திலிருந்து பத்து லட்சமாக வளர்ந்தால்தான் விகிதம் ஏறக்குறைய பாதியாகும். திரையில் பார்ப்பவருக்கு அது நின்றுவிட்டதாகவே தோன்றும். வரைபடம் படுத்துவிட்டது என்பதற்காக எல்லை மதிப்பு கிடைத்துவிட்டது என்று எழுதிவிடாதீர்கள். கிடை அச்சைக் காலமாக வைக்காமல் காலத்தின் மடக்கையாக வைத்து, விகிதத்தின் தலைகீழியை வரையுங்கள். ஏறிக்கொண்டே போகும் ஒரு நேர்கோட்டைக் காண்பீர்கள்.

‘நெருங்குகிறது’ என்றால் என்ன பொருள் என்பதையும் இங்கேயே தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். முடிவில்லாத கோட்டில் எந்தக் காலத்திலும் கறுப்பும் வெள்ளையும் இரண்டுமே இருக்கும்; கோடு முழுவதும் ஒரு கருத்துக்கு வந்துவிடுவதில்லை. ஒரு குறிப்பிட்ட இடத்தில் நின்று பார்ப்பவர், கருத்து மீண்டும் மீண்டும் மாறுவதை முடிவின்றிக் காண்பார். ஆனால் மாற்றங்களுக்கு இடையிலான காத்திருப்பு நீண்டுகொண்டே போகும். நாம் நிறுவியது இவ்வளவே: முன்கூட்டியே குறித்த ஒரு சிறிய சன்னல் வழியாக, மிக நீண்ட காலத்துக்குப் பின் பார்த்தால், சன்னலுக்குள் எல்லாம் ஒரே நிறமாக இருக்கும் நிகழ்தகவு ஒன்றை நெருங்கும். இத்துறையில் குவிதல் என்ற சொல் பெரும்பாலும் இந்தச் சன்னல் குவிதலையே குறிக்கிறது.

ஐந்தாம் படி: தொற்று மாதிரியில் இரண்டு முடிவிலிகளையும் மோதவிடுங்கள்

1974-இல் டி. இ. ஹாரிஸ் முன்வைத்த தொற்று மாதிரியில், நோயுற்ற இடம் ஓர் அலகு நேரத்துக்கு ஒன்று என்ற வீதத்தில் குணமாகும்; தன் ஒவ்வோர் அண்டைக்கும் ஒரு குறிப்பிட்ட தொற்று வீதத்தில் நோயைப் பரப்பும். குணமான இடத்துக்கு எதிர்ப்புச் சக்தி கிடையாது. மீண்டும் நோய் வரலாம். எல்லாரும் குணமாகிவிட்டால் அதன்பின் எதுவும் நடக்காது. புகுந்தால் திரும்ப முடியாத நிலை அது.

நிரல் எழுதுவது கடினமன்று. நோயுற்ற இடங்களை மட்டும் ஒரு பட்டியலில் வைத்துக்கொள்ளுங்கள். கோட்டில் தொற்று வீதம் 2 எனில், பட்டியலிலிருந்து ஓர் இடத்தைச் சமவாய்ப்பில் எடுத்து, ஐந்தில் ஒரு பங்கு வாய்ப்பில் அதைக் குணப்படுத்துங்கள். ஐந்தில் நான்கு பங்கு வாய்ப்பில் இடப்பக்கமோ வலப்பக்கமோ உள்ள அண்டைக்கு நோயைக் கொடுங்கள். ஒவ்வொரு முறையும் காலம் சராசரியாக, ஒன்றை நோயுற்ற இடங்களின் எண்ணிக்கையின் ஐந்து மடங்கால் வகுத்த அளவு நகர வேண்டும்.

முடிவுள்ள வளையத்தில் நோய் உறுதியாக அழியும். எந்த நிலையில் இருந்தாலும், அடுத்த ஓர் அலகு நேரத்துக்குள் புதிதாக ஒருவருக்கும் பரவாமல் எல்லாரும் குணமாவதற்கு ஒரு சிறிய, ஆனால் பூச்சியமல்லாத நிகழ்தகவு இருக்கிறது. முயற்சிகள் முடிவின்றித் தொடர்ந்தால் ஒருநாள் அது நடந்தே தீரும். வீதம் 1 ஆனாலும் 100 ஆனாலும் இந்த வாதத்தில் மாற்றமில்லை. இதை மட்டும் படித்தவர், இந்த மாதிரியில் நோய் என்றும் அழியும் என்று முடிவு கட்டிவிடலாம். முடிவுள்ள வலைக்கு அது உண்மை. ஆனால் நமக்கு வேண்டியதைப் பற்றி அது ஒன்றுமே சொல்லவில்லை.

முடிவில்லாத கோட்டில் ஒரு மாறுநிலை வீதம் இருக்கிறது. கணினிக் கணக்கீடுகளின்படி அது சுமார் 1.649. அதற்குக் கீழே நோய் அழியும். அதற்கு மேலே, ஒரே ஓர் இடத்தில் தொடங்கினாலும், நோய் என்றென்றைக்கும் நீடிப்பதற்குப் பூச்சியமல்லாத வாய்ப்பு உண்டு. இடங்களுக்கிடையே தொடர்பே இல்லை என்று கருதிப் போடும் எளிய சராசரிப்புலக் கணக்கு அந்த எண்ணை 0.5 என்று தரும். மூன்று மடங்குக்கும் மேலான இந்த வேறுபாடு, நோயுற்ற இடத்தின் அண்டை பெரும்பாலும் ஏற்கெனவே நோயுற்றிருக்கும் என்பதால் வருகிறது: பரப்பும் முயற்சிகளில் பெரும்பகுதி வீணாகிறது. மாறுநிலை வீதத்திலேயே சரியாக வைத்தால் என்ன ஆகும் என்பது நெடுநாள் திறந்த கேள்வியாக இருந்தது. எந்தப் பரிமாணத்திலும் அங்கே நோய் அழிந்துவிடும் என்று 1990-இல் பெசூயிடன்ஹவுட்டும் கிரிமெட்டும் நிறுவினர்.

அப்படியானால் முடிவுள்ள வளையத்தில் இந்த மாறுநிலை எங்கே தெரியும்? அழியுமா என்று கேட்காமல், அழிய எவ்வளவு காலம் ஆகும் என்று கேளுங்கள். எல்லா இடங்களும் நோயுற்றதாகத் தொடங்கி, 10, 20, 40 இடங்கள் என்று வளையத்தை இரட்டித்துக்கொண்டே போய், அழியும் காலத்தைக் குறியுங்கள். வீதம் 1-இல், ஒவ்வொரு முறை இரட்டிக்கும்போதும் காலம் ஏறத்தாழ ஒரே அளவுதான் கூடும். அது அளவின் மடக்கையாக வளர்கிறது. வீதம் 2-இலோ காலம் அளவின் அடுக்கேற்றமாக வளர்கிறது. அளவை இரட்டித்தால் காலம் ஏறத்தாழ இருபடியாகும். சில இரட்டிப்புகளுக்குள் உங்கள் கணினி காத்திருந்து முடிக்க முடியாத இடத்துக்குப் போய்விடும். முடிவில்லாத வலையில் அழிதல், நீடித்தல் என்று தெரியும் வேற்றுமை, முடிவுள்ள வலையில் மடக்கைக் காலம், அடுக்கேற்றக் காலம் என்ற வேற்றுமையாக வெளிப்படுகிறது. எனவே, ‘நிலையான நோயளவு இவ்வளவு’ என்று எழுதும்போதெல்லாம், அந்த அளவீடு அழியும் காலத்துக்கு வெகு முன்னதாக எடுக்கப்பட்டது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

ஆறாம் படி: எண்ணிக்கை மாறாத அமைப்புகள்

மேலே பார்த்த இரண்டிலும் நிலைகள் தோன்றும், மறையும். விலக்கு மாதிரியில் துகள்கள் தோன்றுவதுமில்லை, மறைவதுமில்லை. ஓரிடத்தில் ஒரு துகள்தான் நிற்கலாம் என்ற விதியோடு நகர மட்டும் செய்யும். வலப்பக்கம் மட்டுமே நகரும் வகையை, செல்லுக்குள் புரதம் உருவாக்கும் ரைபோசோம்கள் தூது ஆர்.என்.ஏ. இழையில் வரிசையாக நகர்வதை விளக்க 1968-இல் மெக்டொனால்டு, கிப்ஸ், பிப்கின் ஆகியோர் பயன்படுத்தினர். 1970-இல் ஸ்பிட்சர் கணிதத்துக்குள் கொண்டுவந்தார்.

இங்கே ‘கடைசி நிலை’ ஒன்றன்று. ஒவ்வோர் அடர்த்திக்கும் ஒரு மாறாப் பரவல் இருக்கிறது: இடங்களை ஒன்றுக்கொன்று சார்பின்றி, அந்த அடர்த்தியின் நிகழ்தகவில் நிரப்பிவிட்டால், அது காலத்தால் மாறாது. ஆகவே கேள்வியையே மாற்ற வேண்டியிருக்கிறது. வெவ்வேறு பகுதிகளில் வெவ்வேறு அடர்த்தியோடு தொடங்கினால், தொலைவில் நின்று பார்ப்பவருக்கு அடர்த்தி எந்தச் சமன்பாட்டின்படி பரவும்? இந்தப் பெரும்படிக் கேள்விக்கு வழி திறந்தவர்களில் ஒருவர், 1940-இல் சென்னையில் பிறந்து மாநிலக் கல்லூரியில் படித்த, 2007-இல் ஏபெல் பரிசு பெற்ற எஸ். ஆர். எஸ். வரதன். 1988-இல் குவோ, பாப்பனிகொலாவ் ஆகியோருடன் அவர் உருவாக்கிய முறை இன்றும் இத்துறையின் அடிப்படைக் கருவிகளுள் ஒன்று.

நீங்கள் செய்து பார்க்க ஒரு சோதனை. பூச்சியத்திலும் அதற்கு இடப்பக்கமும் உள்ள எல்லா இடங்களையும் நிரப்புங்கள். வலப்பக்கம் முழுவதும் காலி. ஒவ்வொரு துகளும் ஓர் அலகு நேரத்துக்கு ஒன்று என்ற வீதத்தில், வலப்பக்கத்து இடம் காலியாக இருந்தால் மட்டும் நகரட்டும். பூச்சியத்தைத் தாண்டி வலப்பக்கம் வந்த துகள்களை எண்ணுங்கள். 1981-இல் ரோஸ்ட் நிறுவிய முடிவின்படி, அந்த எண்ணிக்கை காலத்தின் கால் பங்கை நெருங்கும்: காலம் 400-இல் ஏறத்தாழ 100 துகள்கள். பிறகு அதே சோதனையைச் சில ஆயிரம் முறை ஓட்டி, எண்ணிக்கை தன் சராசரியிலிருந்து எவ்வளவு ஊசலாடுகிறது என்று அளவிடுங்கள். ஒன்றையொன்று சாராத துகள்களாக இருந்திருந்தால் ஊசலாட்டம் காலத்தின் இருபடி மூலமாக வளரும். காலத்தை 8 மடங்காக்கினால் ஊசலாட்டம் சுமார் 2.8 மடங்காகும். 2000-இல் யோஹான்சன் நிறுவியது முப்படி மூலம். காலத்தை 400-இலிருந்து 3,200 ஆக்குங்கள். ஊசலாட்டம் ஏறத்தாழ 2 மடங்காக வந்தால் உங்கள் நிரல் சரியாக ஓடுகிறது.